பன்னிரண்டு ஃப்ளையும் ஒரே அச்சில்: ட்ரை ஃப்ளை கட்டும்போது அளவு பிசகாமல் இருக்க முழுமையான வழிகாட்டி

ட்ரை ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகையும் மயிரையும் நூலால் கட்டி, பூச்சி போலத் தண்ணீரின் மேல் மிதக்கவிடும் மீன்பிடி இரை. ஒரே இரவில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த முட்களில், ஒரே இறகுத்தோலை வைத்து ஆறு ட்ரை ஃப்ளை கட்டி முடித்திருப்பீர்கள். தனித்தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆறையும் வரிசையாகக் குத்திவைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு வால் நீளம். இன்னொன்றுக்கு இறக்கை முன்னால் சாய்ந்திருக்கும். மூன்றாவதில் முள்ளின் காதே நூலுக்குள் மறைந்துபோயிருக்கும். முதல் இரண்டு வருடம் எனக்கும் இப்படித்தான் வந்தது. கை பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். கை பழகியது, வேகமும் கூடியது, ஆனால் ஃப்ளைகள் ஒன்றுபோல வரவில்லை. கண்ணை நம்புவதை விட்டு, அளக்கவும் சுற்றுகளை எண்ணவும் ஆரம்பித்த பிறகுதான் வரத் தொடங்கின.

அந்த முறையை இங்கே ஒரே ஒரு ஃப்ளையை வைத்துச் சொல்கிறேன்: 12-ம் எண் முள்ளில் லைட் கேஹில். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப் பகுதியில் உருவான பாணி இது. இந்தப் பெயருக்குக் காரணமானவர் போர்ட் ஜெர்விஸ் ஊரில் ரயில்வே வேலை பார்த்த டேனியல் கேஹில். வால், உடல், ஹேக்கிள் (கழுத்தைச் சுற்றிக் கட்டும் சேவல் இறகு) மூன்றும் வெளிர் மஞ்சள். இறக்கைக்கு மட்டும் வாத்து இறகு. பயிற்சிக்கு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அந்த வெளிர் நிறம்தான். அடர் நிற ஃப்ளையில் மறைந்துகொள்ளும் பிசகு எல்லாம் இதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

உறுப்புகளின் பெயரை முதலில் ஒத்துக்கொள்வோம். தூண்டில் முள்ளில் நரம்பு கோக்கும் வளையம் காது. அங்கிருந்து நேராகப் போகும் பகுதி தண்டு. தண்டு திரும்பும் இடம் வளைவு. முனைக்குச் சற்றுப் பின்னால் கீறி நிமிர்த்திய சின்னக் கொக்கி எதிர்முள். முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வாய் என்று சொல்கிறேன். இறகில் நடுவே ஓடும் காம்பை ஈர்க்கு என்றும், அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரிபவற்றை இழை என்றும் சொல்கிறேன்.

அளவு ஏன் முக்கியம்

ட்ரை ஃப்ளை தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். அதைத் தாங்குபவை இரண்டே: முன்னால் கழுத்தைச் சுற்றி விரியும் ஹேக்கிள் இழைகளின் நுனி, பின்னால் வாலின் நுனி. ஹேக்கிள் நீண்டுபோனால் ஃப்ளை பின்பக்கமாகச் சாயும், காற்றடித்தால் பக்கவாட்டில் விழும். குட்டையானால் மூக்கு தண்ணீரில் இறங்கும். வால் குட்டையானால் முள்ளின் வளைவு முதலில் மூழ்கும். இறக்கை இரண்டும் சமமாக இல்லாவிட்டால் வீசும்போது ஃப்ளை பம்பரம் போலச் சுழன்று, மெல்லிய நுனி நரம்பை முறுக்கிவிடும். ஒரு மணி நேரம் வீசிய பிறகு நரம்பு சுருண்டு சுருண்டு வந்தால் இறக்கையைத்தான் முதலில் பாருங்கள்.

கேட்ஸ்கில் பாணிக்கு இந்த வடிவம் வந்ததற்கு அந்த ஊர் ஆறுகளே காரணம். 1890-ல் இங்கிலாந்திலிருந்து ஃபிரடெரிக் ஹால்ஃபர்ட் தம் ட்ரை ஃப்ளைகளைத் தியடோர் கார்டனுக்கு அனுப்பிவைத்தார். அவை தெற்கு இங்கிலாந்தின் மெதுவான, தெளிந்த சுண்ணாம்பு நீரோடைகளுக்காகக் கட்டியவை. கார்டன் மீன் பிடித்த கேட்ஸ்கில்லின் நெவர்சிங்க், பீவர்கில் ஆறுகளோ கற்களில் மோதி ஓடுபவை. அந்த ஓட்டத்தில் ஃப்ளை மிதக்க விறைப்பான ஹேக்கிளும் மெலிந்த உடலும் தேவைப்பட்டன. 1915-ல் அவர் இறந்த பிறகு வந்தவர்கள் அந்த அளவுகளை இன்னும் கூர்மையாக்கினார்கள். நாம் இன்று பின்பற்றும் விகிதங்கள் அப்படி ஓடும் தண்ணீரில் நிலைத்தவை.

முதல் படி: உங்கள் முள்ளை அளந்து அட்டை எழுதுங்கள்

ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் ஒரு பெட்டி வாங்குங்கள். ஒரு கம்பெனியின் 12-க்கும் இன்னொன்றின் 12-க்கும் தண்டு நீளம் மாறும், வாயும் மாறும். நீளத் தண்டு என்று குறித்த முட்கள் இந்தப் பயிற்சிக்கு வேண்டாம். அவற்றில் வாய் அப்படியே இருக்கத் தண்டு மட்டும் நீளும், விகிதம் எல்லாம் குழம்பிவிடும். ட்ரை ஃப்ளைக்கான சாதாரண நீள முள் போதும்.

பள்ளி ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடரை எடுங்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. காதின் பின்விளிம்பிலிருந்து, எதிர்முள்ளுக்கு நேர் மேலே தண்டு வளையத் தொடங்கும் இடம் வரை அளங்கள். அது தண்டு நீளம். அப்புறம் வாயை அளங்கள். உதாரணத்துக்குத் தண்டு 9 மி.மீ., வாய் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இனி மற்ற எல்லா அளவும் இந்த இரண்டிலிருந்தே வரும்:

வால், தண்டு நீளம்: 9 மி.மீ.
இறக்கை உயரம், தண்டு நீளம்: 9 மி.மீ.
ஹேக்கிள் இழை, வாயைப் போல ஒன்றரை மடங்கு: 7.5 மி.மீ.
காதுக்குப் பின்னால் வெறுமையாக விடும் இடம், ஒரு காது நீளம்: சுமார் 1 மி.மீ.
இறக்கை நிற்கும் இடம், காதிலிருந்து தண்டில் மூன்றில் ஒரு பங்கு: 3 மி.மீ.
உடல் முடியும் இடம், தண்டின் நடு: காதிலிருந்து 4.5 மி.மீ.

இவற்றை ஒரு வெள்ளை அட்டையில் கோடுகளாக வரைந்து, எண்ணும் எழுதி, வைஸுக்கு (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஒரு முள்ளையும் அந்த அட்டையிலேயே ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. இறகை அட்டையின் மேல் வைத்தால் நீளம் சரியா என்று ஒரு நொடியில் தெரியும்.

கேட்ஸ்கில் ஃப்ளை கட்டுபவர்களுக்குள்ளேயே இதில் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. இறக்கையை நாலில் ஒரு பங்கில் நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள், ஹேக்கிளை வாயைப் போல இரண்டு மடங்கு வரை விடுபவர்களும் இருக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததை அந்தப் பன்னிரண்டு முடியும் வரை மாற்றாதீர்கள்.

இரண்டாம் படி: பொருட்களைப் பங்கு பிரித்துவையுங்கள்

வீட்டில் சமைப்பவர்களுக்கு இது தெரியும். அடுப்பைப் பற்றவைத்த பிறகு வெங்காயம் நறுக்கினால் தாளிப்பு கருகும். ஃப்ளையிலும் நடுவில் நிறுத்தி இறகு தேடும்போதுதான் நூல் தளர்கிறது, கண் மாறுகிறது, அளவும் நழுவுகிறது.

பன்னிரண்டு ஃப்ளைக்கு இருபத்து நான்கு ஹேக்கிள் இறகு வேண்டும். ஒவ்வொன்றையும் ஹேக்கிள் அளவியில் வளைத்துப் பாருங்கள். அளவி இல்லையென்றால் அட்டையில் 7.5 மி.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்று போட்டு, நடுவில் குண்டூசி குத்தி, அதைச் சுற்றி இறகை வளையுங்கள். விரிந்த இழைகளின் நுனி வட்டத்தைத் தொட வேண்டும். தாண்டினாலும் எட்டாவிட்டாலும் தனியே வையுங்கள், வேறு எண் முள்ளுக்கு உதவும். இறகைப் படுக்கவைத்து அளக்கும்போது ஒரு நீளமும், வளைத்து அளக்கும்போது இன்னொரு நீளமும் தெரியும். கட்டும்போது அது வளையப்போகிறது என்பதால் வளைத்து அளப்பதே சரி.

தேர்ந்த இறகுகளின் அடிப்பகுதியில் பஞ்சு போன்ற மென்மையான இழைகள் இருக்கும். அவை தண்ணீரை உறிஞ்சும், உருவிவிடுங்கள். அதோடு 2 மி.மீ. ஈர்க்கையும் வெறுமையாக விடுங்கள். அதன் காரணம் ஹேக்கிள் படியில் வரும்.

டப்பிங்குக்கான, அதாவது நூலில் திரித்து உடலாகச் சுற்றுவதற்கான மயிரையும் பன்னிரண்டு சிட்டிகையாகப் பிரித்து ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள். இது அற்பமாகத் தோன்றும். என் ஃப்ளைகளின் உடல் ஒரே தடிமனுக்கு வந்தது இந்த ஒரு பழக்கத்தால்தான். ஒவ்வொரு முறையும் பொட்டலத்திலிருந்து கிள்ளினால் கை தன்னையறியாமல் கூடுதலாகத்தான் எடுக்கும்.

ஹேக்கிள் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் மேற்கு நாடுகளில் ஃப்ளை கட்டியவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் போன சேவல் கழுத்துத் தோல்களையே வாங்கினார்கள். அந்த இறகுகள் குட்டை. ஒரே இறகில் அடியில் ஓர் இழை நீளம், நுனியில் வேறொன்று. அதனால்தான் பழைய முறையில் ஒரு ஃப்ளைக்கு இரண்டு இறகு. கேட்ஸ்கில்லில் ஹாரி டார்பி நல்ல நிறம் கிடைக்காமல் தாமே சேவல் வளர்த்தார். ஓரிகனில் ஹென்றி ஹாஃப்மன் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்த சேவல் வம்சத்தை 1989-ல் டாம் வைட்டிங் வாங்கி கொலராடோவில் தொடர்ந்தார். இப்போது கிடைக்கும் அந்த வகை இறகுகளில் இழை நீளம் அடியிலிருந்து நுனி வரை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது. சீரான அளவுக்குப் பாதி வேலையை அந்தச் சேவலே செய்துவிடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியும் இந்தக் கலையில் புகழ்பெற்றது. அதன் கழுத்தில் மெழுகுப் பொட்டு வைத்தது போன்ற இறகுகளைச் சால்மன் ஃப்ளைகளுக்காக விரும்பித் தேடினார்கள். இந்தியாவில் அந்தப் பறவை இன்று சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. யாராவது இறகு கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: நூலை அளவுகோலாக்குங்கள்

வைஸில் முள்ளைப் பொருத்தும்போது தண்டு தரைக்கு இணையாக இருக்கட்டும். பன்னிரண்டு முறையும் அதே ஆழத்தில், அதே கோணத்தில் வையுங்கள். தண்டு ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே சாய்ந்திருந்தால், நிமிர்ந்த இறக்கை எது என்று கண்ணுக்கே சந்தேகம் வரும்.

காதிலிருந்து ஒரு காது நீளம் விட்டு நூலைத் தொடங்குங்கள். பக்கத்தில் பக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், இடைவெளியும் விடாமல் சுற்றுங்கள். எத்தனை சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நிறைகிறது என்று எண்ணுங்கள். என் நூலில் ஆறு. அப்படியானால் 1 மி.மீ. விட்டுத் தொடங்கும் எனக்குப் பன்னிரண்டாவது சுற்று விழும் இடம் காதிலிருந்து 3 மி.மீ.; அதுதான் இறக்கையின் இடம். இருபத்து ஒன்றாவது சுற்று விழும் இடம் உடல் முடிய வேண்டிய கோடு. டிவைடரைத் திரும்ப எடுக்கவே வேண்டாம். உங்கள் நூலுக்கு எண் வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடித்து அட்டையில் எழுதுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். வலது கையால் சுற்றச் சுற்ற நூலில் முறுக்கு ஏறும். முறுக்கேறிய நூல் உருண்டு குறுகிவிடும், சுற்றுக் கணக்கு தப்பும். இடையிடையே நூல்கண்டைத் தாங்கும் பாபினைத் தொங்கவிட்டுக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றினால் நூல் மறுபடி தட்டையாகும். இறக்கை கட்டுவதற்கு முன் ஒருமுறை, டப்பிங்குக்கு முன் ஒருமுறை நான் செய்கிறேன்.

நான்காம் படி: இறக்கை

அளவு பிசகுவதில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

இறக்கைக்கு வுட் டக் வாத்தின் விலா இறகு. எலுமிச்சை மஞ்சள் கலந்த பழுப்பில் மெல்லிய கருங்கோடுகள் ஓடும். கிடைக்காவிட்டால் மல்லார்ட் வாத்தின் விலா இறகுக்குச் சாயமேற்றியது போதும். நுனிகள் சமமாக இருக்கும் பகுதியை ஈர்க்கோடு செங்குத்தாக வரும்படி விரித்துப் பிடித்து வெட்டி, உருட்டி ஒரு கற்றையாக்குங்கள். எவ்வளவு அகலம் வெட்டினீர்கள் என்று டிவைடரில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதினொன்றுக்கும் அதே அகலம்.

கற்றையை வலது கையில் பிடித்துத் தண்டின் மேல் வையுங்கள். நுனிகள் காதுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டும் புள்ளியிலிருந்து நுனி வரை 9 மி.மீ. இப்போது அதை இடது கைக்கு மாற்ற வேண்டும். பிசகுவது இந்த ஒரு நொடியில்தான். வலது கட்டைவிரல் நகம் எங்கே இருந்ததோ, சரியாக அதே இடத்தில் இடது கட்டைவிரல் நகம் வந்து உட்கார வேண்டும். பெரும்பாலும் இடது விரல்கள் ஒரு மி.மீ. பின்னால் பிடிக்கும், இறக்கை அந்த அளவு நீண்டுவிடும். மாற்றிய பிறகு கட்டுவதற்கு முன் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். நாலு நொடிதான் ஆகும்.

முதல் சுற்றை இறுக்கமாகப் போட்டால் நூல் கற்றையைத் தன் பக்கம் இழுத்துத் தண்டின் மறுபுறம் தள்ளிவிடும். அதனால் விரல்களின் இடுக்கில் நூலைத் தளர்வாக மேலே கொண்டுபோய், மறுபுறம் இறக்கி, அப்புறம் நேராக மேல்நோக்கி இழுத்து இறுக்குங்கள். இப்படி இரண்டு, அதன் மேல் இறுக்கமாக மூன்று. கையை எடுத்து நீளத்தைப் பாருங்கள். தவறாக இருந்தால் இப்போதே அவிழ்த்துவிடுங்கள். இறக்கை ஒரு மி.மீ. நீளமாக இருக்கும்போது, பரவாயில்லை, ஹேக்கிளில் சரிக்கட்டலாம் என்று தோன்றும். அப்படிச் சரிக்கட்டினால் ஹேக்கிளும் கெடும்.

பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கற்றையை ஒரே வெட்டில் வெட்டாமல் சரிவாக வெட்டுங்கள். செங்குத்தாக வெட்டினால் அங்கே ஒரு படிக்கட்டு உருவாகும், உடல் அந்த இடத்தில் மேடாகும். சரிவின் முடிவு உடலின் கோட்டைத் தாண்டிச் சற்றுப் பின்னால் போகட்டும்.

இனி கற்றையை நிமிர்த்தி, அதன் முன்காலில் முட்டுக்கொடுப்பது போல ஏழெட்டு சுற்று போடுங்கள். நிமிர்ந்து நின்றதும் ஊசியால் இரண்டாகப் பிரித்து, நடுவே எட்டுப் போடுவது போல மூன்று சுற்று. ஒவ்வொரு இறக்கையின் அடியையும் தனித்தனியாக இரண்டு சுற்று வளைத்தால் அது கலையாது. முன்பக்கமிருந்து குனிந்து பாருங்கள். இரண்டும் ஒரே தடிமன், ஒரே கோணம். மேலிருந்து பார்த்தால் தண்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக விரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வால்

கழுத்துத்தோலின் ஓரங்களில் அகலமான, விறைத்த இழைகளுடைய இறகுகள் இருக்கும். வாலுக்கு அவையே. இழைகளை ஈர்க்குக்குச் செங்குத்தாக இழுத்து நுனிகளைச் சமப்படுத்தி, எட்டு முதல் பத்து இழைகளை எண்ணி உருவுங்கள். எண்ணித்தான் உருவ வேண்டும், உத்தேசமாக வேண்டாம்.

எதிர்முள்ளுக்கு நேர் மேலே முதலில் இரண்டு தளர்ந்த சுற்று. நீளத்தை அட்டையில் ஒப்பிட்டு, முன்னுக்கோ பின்னுக்கோ இழுத்துச் சரிசெய்த பிறகு இறுக்குங்கள். வாலின் அடிப்பகுதியை இறக்கையின் சரிவு முடியும் இடம் வரை நீட்டி அங்கே வெட்டுங்கள். வால் முடிகிற இடத்தில் இறக்கைச் சரிவு தொடங்கினால் தண்டின் மேல் ஒரே சமமான மேடை கிடைக்கும். டப்பிங்கால் குழியை நிரப்பும் வேலை மிச்சம்.

ஆறாம் படி: உடல்

தட்டில் வைத்த ஒரு சிட்டிகையை எடுத்து, நூலில் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரே திசையில் திரியுங்கள். விளக்குத் திரி போல, வால் பக்கம் வரும் நுனி மெலிந்து, மேலே போகப்போகச் சற்றே தடித்திருக்கட்டும். வாலின் அடியில் தொடங்கிச் சுற்றி, தண்டின் நடுக்கோட்டில் நிறுத்துங்கள். திரி மிச்சமிருந்தால் உருவி எறியுங்கள். அதையும் சுற்றிவிடலாம் என்று முன்னேறிய ஒவ்வொரு முறையும் ஹேக்கிளுக்கான இடத்தை உடல் தின்றுவிடும். சிட்டிகை சரியாக இருந்தால் மூன்றாவது நான்காவது ஃப்ளைக்குள் திரி தானாகவே கோட்டில் வந்து முடியும்.

ஏழாம் படி: ஹேக்கிள்

இரண்டு இறகுகளையும் ஒன்றோடொன்று பொருத்தி, பளபளப்பான பக்கம் முன்னோக்கி இருக்கும்படி இறக்கைக்குப் பின்னால் கட்டுங்கள். ஈர்க்கின் அடியை இறக்கைக்கு முன்வரை கொண்டுபோய்க் கட்டினால் இறகு உருவிவராது. உடலுக்கும் இறகின் முதல் இழைக்கும் நடுவே, முன்னரே விட்ட அந்த 2 மி.மீ. வெறும் ஈர்க்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈர்க்கு திரும்பும்போது முதல் இழைகள் கோணலாகப் பின்னால் சாயும்.

முதல் இறகை இறக்கைக்குப் பின்னால் மூன்று சுற்று, முன்னால் இரண்டு. நூலால் கட்டுங்கள். இரண்டாவது இறகையும் அதே மூன்று, இரண்டு. இதைச் சுற்றும்போது முதல் இறகின் இழைகள் மடங்காமல் இருக்க இடுக்கியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபடி நுழையுங்கள். நீண்ட புது வகை இறகாக இருந்தால் ஒன்றே போதும். பின்னால் நாலு, முன்னால் நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேக்கிளின் கடைசிச் சுற்று, தொடக்கத்தில் விட்ட காது நீளத்தைத் தொடக் கூடாது.

எட்டாம் படி: தலை

நூல் மூன்று சுற்று, அப்புறம் நாலு சுற்றில் விப் ஃபினிஷ் என்ற முடிச்சு. தலை சிறியதாக, காது முழுக்கத் திறந்து தெரிய வேண்டும். ஒரு துளி வார்னிஷை ஊசி முனையில் வையுங்கள், போதும்.

வரிசையில் நிறுத்திப் பாருங்கள்

பன்னிரண்டும் முடிந்ததும் ஒரு தெர்மகோல் துண்டில் எல்லாம் ஒரே திசை பார்க்கும்படி குத்துங்கள். முதலில் பக்கவாட்டில் பாருங்கள். இறக்கைகளின் உச்சி ஒரே கோட்டில் வருகிறதா? அடுத்து முன்பக்கம், அப்புறம் மேலிருந்து. கட்டிய வரிசையிலேயே குத்தினால் இன்னொன்றும் தெரியும்: அளவு ஒரே திசையில் மெல்ல நகர்ந்திருக்கும். எனக்கு எட்டாவது ஃப்ளைக்கு மேல் வால் நீளும். களைப்பில் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிடுகிறேன் என்று அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன். இப்போது ஆறாவது முடிந்ததும் எழுந்து தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்.

அடுத்து ஒவ்வொன்றையும் ஒரு சாண் உயரத்திலிருந்து மேசையில் போடுங்கள். ஹேக்கிள் நுனியிலும் வால் நுனியிலும் நிமிர்ந்து நிற்க வேண்டும். முள்ளின் வளைவு மேசையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்.

பிசகு தெரியும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு. காது அடைத்துப்போயிருந்தால் தலை கட்டியதில் தவறு இருக்காது. உடல் கோட்டைத் தாண்டியதாலோ, இறக்கை முன்னால் போனதாலோ ஹேக்கிளுக்கு இடம் இல்லாமல் காது வரை வந்திருக்கும். ஹேக்கிள் பின்னால் சாய்ந்திருந்தால் உடல் முடிந்த இடத்தின் மேட்டில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இறக்கை ஒரு பக்கம் திரும்பியிருந்தால் முதல் இறுக்கமான சுற்றுக்குத் திரும்பிப் போங்கள். ஒரு பன்னிரண்டில் ஒரே ஒரு பிசகை மட்டும் திருத்தப் பாருங்கள். இறக்கையும் வாலும் உடலும் ஒரே நாளில் சரியாக வேண்டும் என்று உட்கார்ந்தால் எண்ணிக்கை தப்பும்.

நல்ல ஃப்ளையை அவிழ்த்துப் பாருங்கள்

கேட்ஸ்கில்லில் ரூபன் கிராஸ் கட்டிய ஃப்ளைகள் அந்தக் காலத்தில் அளவுக்குப் பேர்போனவை. கற்றுத்தரும்படி வால்ட் டெட் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். டெட்டும், பின்னாளில் அவர் மனைவியான வின்னியும், ஹாரி டார்பியும் கிராஸின் ஃப்ளைகளை வாங்கி, சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக் கற்றுக்கொண்டார்கள். மூவரும் பின்னர் அந்தப் பகுதியின் பெயர்பெற்ற கட்டுநர்கள் ஆனார்கள். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இது இன்றும் வேலை செய்கிற வழி.

உங்கள் பன்னிரண்டில் ஆகச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து, விப் ஃபினிஷை வெட்டி, பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே அவிழுங்கள். ஹேக்கிள் எத்தனை சுற்று, இறக்கைக்கு முட்டு எத்தனை, டப்பிங் திரி எத்தனை செ.மீ. என்று எழுதுங்கள். கட்டும்போது எண்ணியதாக நினைத்ததற்கும் அவிழ்க்கும்போது கிடைப்பதற்கும் வித்தியாசம் இருக்கும். அட்டையில் அவிழ்த்த எண்ணை எழுதுங்கள். இரண்டாவது சிறந்ததைக் கார்க்கில் குத்தி வைஸுக்குப் பக்கத்தில் மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எண் மாறினால்

12 வசப்பட்டதும் 14-க்கும் 16-க்கும் போகலாம். எண் கூடக் கூட முள் சிறுக்கும். விகிதம் மாறாது, ஆனால் நூல் சிறுக்காது. 9 மி.மீ. தண்டில் பன்னிரண்டு சுற்றில் இறக்கைக்குப் போனவர், தண்டு 6 மி.மீ. என்றால் எட்டிலேயே நிறுத்த வேண்டும். வாலுக்கு ஆறு இழை. ஹேக்கிள் பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு. டப்பிங் சிட்டிகை பாதிக்கும் குறைவு. பெரிய முள்ளின் சுற்றுக் கணக்கைச் சிறிய முள்ளுக்குக் கொண்டுபோவதால்தான் 16-ம் எண் ஃப்ளைகளின் தலை குண்டாகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் தனி அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு பாணிக்குப் போனால் விகிதமே மாறும். ஹேக்கிளை இறக்கையின் அடியில் படுக்கையாகச் சுற்றும் பாராசூட் வகையில், ஹேக்கிளை ஓர் எண் பெரிதாக எடுக்கும் வழக்கம் உண்டு. எல்க் ஹேர் கேடிஸில் நிமிர்ந்த இறக்கையே கிடையாது. மான் மயிர் உடலின் மேல் படுத்து, முள்ளின் வளைவு வரை நீளும். அளக்கும் முறை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கட்டியவற்றை உயரம் குறைந்த டப்பாவில் அடைக்காதீர்கள். ஹேக்கிள் நசுங்கினால் எடுத்த அளவெல்லாம் கெடும். பயணத்தில் அப்படி நசுங்கிப்போனால், கொதிக்கும் கெட்டிலின் மூக்கிலிருந்து வரும் ஆவியில் இடுக்கியால் பிடித்துச் சில நொடி காட்டுங்கள். இழைகள் நிமிர்ந்து பழைய வட்டத்துக்கு வந்துவிடும். முழுக்கக் காய்ந்த பிறகு டப்பாவில் வையுங்கள், ஈரத்தோடு மூடினால் முள் துருப்பிடிக்கும்.